பூட்டு ஊரில் ஒரு பஞ்சக் கதை

திண்டுக்கல் நாகல் நகர் பக்கம் போனால், பூட்டுப் பட்டறைகளில் அரம் தேய்க்கும் சத்தம் இன்றும் கேட்கும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டுகள் இவை. பீரோவுக்கு ஒன்று, கோயில் கதவுக்கு ஒன்று, மாங்காய் வடிவில் ஒன்று எனப் பல ரகம்.

மலைக்கோட்டை மேல் நின்றால் சுற்றிலும் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் களவுக்கும் காலம் பிறந்துவிடும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், தானிய விலையோடு திருட்டும் கொள்ளையும் ஏறின. மழை திரும்பி விலை இறங்கியதும் அவையும் அடங்கின.

1918-லும் அப்படித்தான். முதல் உலகப் போரால் கப்பல்கள் கிடைக்காமல் பர்மா அரிசி வரத்து சுருங்கியது, விலை எகிறியது. மாகாணத்தின் பல ஊர்களில் கூட்டம் கூட்டமாகக் கடைவீதிகளைச் சூறையாடினார்கள். சில இடங்களில் மக்கள் இலவசமாகக் கேட்கவில்லை. பழைய விலைக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்டார்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரேஷன் முறை வந்தது. திண்டுக்கல்லில் பூட்டு வாங்குபவர்கள், வழியில் தென்படும் ரேஷன் கடையையும் ஒரு நிமிடம் பார்க்கலாம். ஊர்க்காவலில் அதற்கும் பங்கு உண்டு.