வல்லூறுக்கு விசா வேணாம்!

தென்னாப்பிரிக்காவுக்குப் பறவை பார்க்கப் போகணுமா? பாஸ்போர்ட் அப்புறம். முதல்ல செமஸ்டர் டைம்டேபிளை எடுங்க பாஸ். எந்தப் பறவையைப் பார்ப்பீங்கன்னு முடிவு பண்றதே அதுதான்!

நமக்கு நீளமான லீவு மே, ஜூன்ல. ஆனா பூமத்திய ரேகைக்கு அந்தப் பக்கம் அப்போ குளிர்காலம். குரூகர் தேசியப் பூங்காவுல புல் காய்ஞ்சு, இலை உதிர்ந்து, யானையும் சிங்கமும் தண்ணியைத் தேடி வெளியே வரும். மிருகம் பார்க்க சூப்பர் சீசன். கொசுவும் குறைச்சல். ஆனா, வடக்கேர்ந்து வந்த வலசைப் பறவைங்க மூட்டை கட்டிக்கிட்டுக் கிளம்பியிருக்கும். அதுங்களைப் பார்க்கணும்னா நவம்பர்லேர்ந்து மார்ச்சுக்குள்ள போகணும்.

நான் போறதே ஒரு வலசைப் பறவைக்காகத்தான். அமுர் வல்லூறு. எடை சுமார் 150 கிராம்தான். சைபீரியா, வட சீனா பக்கம் குஞ்சு பொரிச்சுட்டு, அக்டோபர்ல நாகாலாந்துல இறங்கி, வயிறு முட்ட ஈசல் தின்னுட்டு, அரபிக்கடலை நிற்காமத் தாண்டி ஆப்பிரிக்காவோட தென்கோடிக்குப் போகுது. 2012-ல தோயாங் நீர்த்தேக்கத்துப் பக்கம் இதை ஆயிரக்கணக்குல வலை போட்டுப் பிடிச்சுக் கொன்னாங்க. படங்கள் வெளியாகி ஊரே பதறிடுச்சு. அடுத்த வருஷமே அந்தக் கிராமத்துக்காரங்க வேட்டையை நிறுத்திட்டாங்க. 2013 நவம்பர்ல மூணு பறவைங்க முதுகுல சேட்டிலைட் டிரான்ஸ்மிட்டர் மாட்டிப் பறக்கவிட்டாங்க. பேரு நாகா, பாங்டி, வோக்கா. பாங்டிங்கிறது அந்தக் கிராமத்தோட பேரேதான்! அதுங்க பறந்த பாதையை மேப்ல பார்த்த அன்னிக்குத்தான் எனக்குப் பைத்தியம் பிடிச்சது. (கிளாஸ் நடந்துக்கிட்டு இருந்தப்போ பார்த்தேன். அது நமக்குள்ள இருக்கட்டும்.)

ஆக, டிசம்பர். பரீட்சை முடிஞ்சு கிடைக்கிற ரெண்டே வாரம். ஜோகன்னஸ்பர்க்ல இறங்கி மூணு, நாலு மணி நேரம் கார்ல போனா வாக்கர்ஸ்ட்ரூம்னு ஒரு குட்டி ஊர். சுத்தியும் புல்வெளி. அங்கே கரண்ட் கம்பியில வல்லூறு உட்கார்ந்திருக்கும். தென்னாப்பிரிக்காவைத் தவிர வேற எங்கேயும் இல்லாத போத்தா வானம்பாடியும் அந்தப் பக்கம் உண்டு. அங்கேர்ந்து குரூகர். டிசம்பர்ல கேம்ப் கேட்டைக் காலை 4.30-க்கே திறந்துடுறாங்க. குறிப்பிட்ட இடங்கள் தவிர காரைவிட்டு இறங்கக் கூடாது. கோரி பஸ்டர்ட்னு ஒரு பிரமாண்டம் அங்கே நடந்து திரியும். ஆண் பறவை 18 கிலோ வரை இருக்கும். நம்ம கானமயிலோட ஒண்ணுவிட்ட அண்ணன். அது முதுகுல சிவப்புப் பஞ்சுருட்டான் ஏறி உட்கார்ந்து, காலடியில கிளம்புற பூச்சியைப் பிடிக்குமாம். ஓசி சவாரி!

ஒகவாங்கோ, விக்டோரியா நீர்வீழ்ச்சின்னு ஆசை நீளும். ஒரு ராத்திரி எல்லாத்தையும் நோட்டுல எழுதினேன். காலையில கூட்டிப் பார்த்துட்டு அடிச்சுட்டேன். ரெண்டு வாரத்துல நாலு நாடு சுத்தினா ஏர்போர்ட் காக்காயைத்தான் பார்க்கணும்.

கொஞ்சம் சீரியஸ் மேட்டர். குரூகர் மலேரியா ஏரியா, டாக்டரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கணும். அடிஸ் அபாபா, நைரோபி வழியா போறதா இருந்தா மஞ்சள் காய்ச்சல் ஊசி, குறைஞ்சது 10 நாள் முன்னாடி. டிசம்பர் அங்கேயும் லீவு சீசன். ரூம் பல மாசம் முன்னாடியே தீர்ந்துடும்.

நான் மாட்டினது கார்ல. வாடகைக்குத் தர்ற கம்பெனிங்க பெரும்பாலும் 21 வயசு கேட்குது, கிரெடிட் கார்டும் டிரைவர் பேர்லயே இருக்கணும். எனக்கு 20, கையில இருக்கிறது ஏடிஎம் கார்டு. அதனால, பயணம் ஃபைனல் இயர் டிசம்பர்னு தள்ளிப்போச்சு. அதுக்கப்புறம் வேலை கிடைச்சுட்டா எவன் ரெண்டு வாரம் லீவு தருவான்? டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு டிக்கெட்டுக்குத்தான் வரும். விசாவுக்கு அப்பாவோட பேங்க் ஸ்டேட்மென்ட் வேணும்.

"குருவி பார்க்க ஆப்பிரிக்காவா? அந்தக் குருவியே விசா, டிக்கெட் இல்லாமத்தானே போகுது?"ன்னார் அப்பா. மேப்பை மேஜையிலேயே வெச்சுட்டுப் படுத்துட்டேன்.

மறுநாள் காபி குடிச்சுக்கிட்டே கேட்டார்: "ஏம்மா, அங்கேயும் ரோட்டுல லெஃப்ட்லதானே ஓட்டணும்?"