ஒரே பெயர், வேறு ஷெல்

புணே சிவாஜிநகரில் 'சிம்லா ஆபீஸ்' என்றொரு சந்திப்பு உண்டு. இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் 1928இல் சிம்லாவிலிருந்து புணேவுக்கு வந்தபோது ஒட்டிக்கொண்ட பெயர். தலைமையகம் பின்னர் தில்லிக்குப் போய்விட்டது, பெயர் நிலைத்துவிட்டது. பெயரை நம்பி உள்ளிருப்பதை அறிந்துகொண்டதாக எண்ணுவது கணினியிலும் நிகழ்கிறது.

அவ்வலுவலகம் 1901 முதலான தினசரி மழைத் தரவைக் கால் டிகிரிக் கட்டங்களாக வெளியிடுகிறது. அதைக்கொண்டு பருவமழையை ஆராயும் ஆய்வு மாணவி ஒருவர், சி மொழியில் ஒரு நிரல் எழுதியிருந்தார். கோப்புகளைப் பிரித்து அடுக்கும் வேலையை ஷெல்லிடம் ஒப்படைத்திருந்தார். அதில் தவறேதும் இல்லை. நாற்பது வரிகளில் செய்ய வேண்டியதை ஷெல் ஒரே வரியில் முடித்துவிடும்.

ஈராண்டு ஒழுங்காக ஓடிய நிரல், புதிய கணினியில் வேறொரு சராசரியைத் தந்தது. பிழைச்செய்தி இல்லை. மறுபடி ஓட்டினால் மூன்றாவதாக ஓர் எண். எண் மாறிக்கொண்டே இருந்ததுதான் அவரைக் காத்தது. ஒவ்வொரு முறையும் ஒரே தவறான எண் வந்திருந்தால், அது ஆய்வேட்டுக்குள் அமைதியாகப் போய் அமர்ந்திருக்கும்.

அதே கட்டளையை முனையத்தில் கையால் தட்டினால் விடை சரியாக வந்தது. பதிவுக் கோப்பு மட்டும் காலியாகக் கிடந்தது. அதுவே துப்பு.

சி நிரலின் 'சிஸ்டம்' என்னும் செயற்கூறு, நாம் முனையத்தில் பயன்படுத்தும் ஷெல்லை அழைப்பதில்லை. 'எஸ்எச்' என்ற பெயரில் இருப்பதை அழைக்கிறது. பழைய கணினியில் அப்பெயருக்குப் பின்னால் பாஷ் இருந்தது. புதியதில் உபுண்டு, கணினி விரைவாகத் தொடங்க வேண்டும் என்று 2006 அக்டோபர் வெளியீட்டிலிருந்தே அது அவ்விடத்தில் டாஷை வைத்திருக்கிறது.

மாணவி எழுதியிருந்த '&>' என்ற குறியை, வெளியீடு, பிழை இரண்டையும் ஒரே கோப்பில் சேர் என்று பாஷ் படிக்கும். டாஷோ அதை இரண்டாகப் பிரிக்கிறது: கட்டளையைப் பின்னணியில் ஓட்டு, பிறகு கோப்பை வெறுமையாக்கு. உடனே 'வெற்றி' என்றும் சொல்லிவிடுகிறது. பின்னணியில் கோப்புகள் பிரிந்துகொண்டிருக்கையிலேயே நிரல் சராசரி எடுக்கத் தொடங்கியது. அந்நேரம் வரை வந்து சேர்ந்த மழைக்குத்தான் கணக்கு.

தீர்வுகள் மூன்று. பாஷையே பெயர் சொல்லி அழைக்கலாம். ஆனால் ஆல்பைன் லினக்ஸ் போன்றவற்றில் அது இயல்பாக இருப்பதில்லை. ஷெல்லை விட்டுவிட்டு, கோப்புப் பெயர்களைத் தேட 'குளோப்' செயற்கூற்றையும், பிற நிரல்களை இயக்க 'ஃபோர்க்', 'எக்ஸெக்' அழைப்புகளையும் கையாளலாம். கோப்புப் பெயரில் இடைவெளியோ அரைப்புள்ளியோ இருந்தாலும் ஆபத்தில்லை, எழுத வேண்டிய வரிகள்தாம் கூடும். அல்லது ஷெல்லை வைத்துக்கொண்டு, போசிக்ஸ் தரநிலை உறுதியளிக்கும் இலக்கணத்துக்குள் மட்டும் எழுதலாம்.

மாணவி மூன்றாவதைத் தேர்ந்தார். '&>' இருந்த இடத்தில் '>' குறி, பதிவுக் கோப்பின் பெயர், அதன் பின் '2>&1' என வரிசையாக எழுதினார். இரு கணினிகளும் ஒரே சராசரியைத் தந்தன. இப்போது எந்த நிரலையும் பிறரிடம் கொடுப்பதற்கு முன், டாஷில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறார்.