மூளை அலையும் மாத்திரையும்

ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்று ஒரு மனநல மருத்துவர் இருந்தார். மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலில் 1924ல் பதிவு செய்தவர் அவர்தான். ஐந்து வருஷம் திரும்பத் திரும்பச் சோதித்துவிட்டு 1929ல் வெளியிட்டார். இன்றைக்கு வலிப்பு என்று போனால் தலை முழுக்க ஒயர் ஒட்டி எடுக்கிறார்களே, அந்த ஈ.ஈ.ஜி.யின் ஆரம்பம் அது. அதே பெர்கர் கடும் மனச்சோர்வில் விழுந்து 1941ல் தற்கொலை செய்துகொண்டார். என்ன கொடுமை பாருங்கள்!

வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு மனச்சோர்வும் இருக்கிறது. "வலிப்பு வந்த கவலை, வேறென்ன" என்று ஒதுக்கிவிட முடியாது. மனச்சோர்வு முதலில் வந்து, வலிப்பு பின்னால் வருவதும் உண்டு. ஆனால் மனச்சோர்வு மாத்திரை என்றாலே, வலிப்பைக் கூட்டிவிடுமோ என்று பயம். மனச்சோர்வு நோயாளிகளிடம் நடந்த மருந்துச் சோதனைகளை 2007ல் மொத்தமாகப் புரட்டிப் பார்த்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட நிஜ மருந்து சாப்பிட்டவர்களுக்கே வலிப்பு குறைவு! (புப்ரோபியான், க்ளோமிப்ரமின் மாதிரி சிலது விதிவிலக்கு.)

சரி, மாத்திரை கொடுத்தாச்சு. கேட்குமா கேட்காதா என்று தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். கேட்காவிட்டால் வேறு மாத்திரை, மறுபடி காத்திருப்பு. சோர்ந்து கிடப்பவருக்கு ஆறு வாரம் என்பது லேசான விஷயமா?

இதை முன்கூட்டியே ஈ.ஈ.ஜி.யில் பார்த்துவிட முடியுமா என்பதுதான் கேள்வி. 2001ல் பிட்ஸகாலி குழு ஒரு குறியைக் கண்டது. நெற்றிக்குப் பின்னால் உள்ளே இருக்கும் ஆன்டீரியர் சிங்குலேட் என்ற பகுதியில், மருந்துக்கு முன்பே தீட்டா அலை அதிகம் இருந்தவர்கள் நார்ட்ரிப்டிலினில் நன்றாகத் தேறினார்கள். 2018ல் செர்ட்ராலின் சோதனையிலும் அதே குறி தெரிந்தது. ஆனால் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிடமும் தெரிந்தது! அதாவது யார் தேறுவார் என்று சொல்கிறது, எந்த மாத்திரை என்று சொல்லவில்லை. 2019ல் இப்படிப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இதை நம்பி மருந்து எழுத இன்னும் நேரம் வரவில்லை என்றே முடித்தார்கள்.

வலிப்பு உள்ளவர்கள் விஷயத்தில் சிக்கல் இன்னும் பெரிது. இத்தகைய ஆய்வுகளில் பொதுவாக அவர்களைச் சேர்ப்பதே இல்லை. தீட்டா போன்ற மெதுவான அலைகள் அவர்களுக்கு நோயாலும் வரும், கார்பமஸபின் மாதிரி மாத்திரையாலும் வரும். கடைப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே பாஸ்புக்கில் கலந்த கதைதான். மீதித் தொகை தெரியும், யாருடையது என்று தெரியாது. நியாயமாகப் பார்த்தால், ஈ.ஈ.ஜி. அதிகம் எடுத்து வைத்திருப்பவர்களே இவர்கள்தான். அவர்களை வெளியே நிறுத்திவிட்டுத் தேடுவது என்ன கணக்கோ!

2019ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், வலிப்போடு மனச்சோர்வும் உள்ளவர்களில் ஒரு பாதிக்கு செர்ட்ராலின், மறு பாதிக்குப் பேச்சு சிகிச்சை. இரண்டு பக்கமும் பாதிக்குச் சற்று மேல் தேறினார்கள், செர்ட்ராலினால் வலிப்பும் கூடவில்லை. யார் அந்தப் பாதி என்று முதல் நாளே சொல்ல ஆளில்லை. இப்போதைக்கு வலிப்பு டாக்டர்கள் கையில் இருப்பது 2006ல் வந்த ஆறு கேள்வித் தாள் ஒன்று. மனச்சோர்வு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கத்தான் அதுவும். நிரப்ப மூணு நிமிஷம் போதும்.