நாலாவது கிண்ணம்

நாங்கள் மூன்று பேர் இருக்கிற வெள்ளவத்தை அறையில் சமைக்க ஏலாது. வீட்டுக்கார அன்ரியின் சட்டம் அது. காஸ் அடுப்பு கூடாது, ரைஸ் குக்கர் கூடாது, தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தல் மட்டும் வைச்சிருக்கலாம். பிரிட்ஜும் இல்லை. அதனால் எங்கள் காலைச் சாப்பாடு எல்லாமே பக்கற்றில் இருந்து வருவதுதான். வெட்டு, கொட்டு, தண்ணி ஊத்து, கலக்கு, பஸ்ஸுக்கு ஓடு.

போன ஞாயிற்றுக்கிழமை, எந்தப் பக்கற் நல்லது என்று சண்டை வந்தது. ஒருத்தி ஹற்றன் பக்கத்துத் தோட்டம். அவள் ஓட்ஸ் கட்சி. ஒருத்தி மட்டக்களப்பு. அவள் சமபோஷ இல்லாமல் பயணமே போகமாட்டாள். நான் வன்னி. நான் கோர்ன் ஃபிளேக்ஸ். அதுக்கு ருசி மட்டும் காரணமில்லை. சின்ன வயதில் கோர்ன் ஃபிளேக்ஸை நான் ரீவி விளம்பரத்தில்தான் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக் கிண்ணம், வெள்ளைப் பால், சிரிக்கிற அம்மா. முதல் சம்பளத்தில் வாங்கிய சாமான்களில் அதுவும் ஒன்று.

சண்டையை முடிக்க ஒரு பரீட்சை வைப்போம் என்று முடிவெடுத்தோம். அன்ரியிடம் நாலு கிண்ணம் வாங்கினோம். சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டோம். முதல் வாய் எப்படி, ஐந்து நிமிடத்துக்குப் பிறகு எப்படி, பத்து நிமிடத்துக்குப் பிறகு எப்படி. ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. கடைசி நிரல், பதினொரு மணிக்குப் பசிக்குதா? ஞாயிற்றுக்கிழமை எல்லாத்தையும் ஒன்றாகத் தின்றால் இது தெரியவராது என்பதால், அந்த நிரலை வாரநாள் அனுபவத்தை வைத்து நிரப்பினோம்.

முதல் கிண்ணம், கோர்ன் ஃபிளேக்ஸ்.

முதல் வாய்க்கு இதை அடிக்க ஆளில்லை. பல்லில் பட்டதும் வருகிற சத்தம், வறுத்த சோளத்தின் மெல்லிய கசப்பு, அதுக்குப் பின்னால் ஒரு துளி உப்பு. ஆனால் எங்களுக்கு ஒரு பிரச்சினை இருந்தது. பிரிட்ஜ் இல்லாத அறையில் பால் என்றால் பால்மா, பால்மா என்றால் சுடுதண்ணி. சூடான பாலை ஊத்திய அடுத்த நிமிடமே எல்லாம் நனைந்த கடதாசி மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் விளங்கியது, இது குளிர்ந்த பால் இருக்கிற வீட்டை நினைத்துச் செய்த சாப்பாடு. இரண்டாம் தடவை பாலைக் கரைத்து நன்றாக ஆறவிட்டு ஊத்தினோம். கொஞ்ச நேரம் தாங்கியது. பத்து நிமிடத்தில் அதுவும் களி.

இது ஏன் இப்படி என்று தேடிப் பார்த்தேன். காய்ந்திருக்கும்போது அதிலுள்ள மாப்பொருள் கண்ணாடி மாதிரி இறுகி இருக்கும், அதனால்தான் உடைகிறபோது சத்தம் வருகிறது. தண்ணீர் உள்ளே போனதும் இறுக்கம் தளர்கிறது, உடையாமல் வளைகிறது. மெல்லிய தகடு, உள்ளே நுண்ணிய துளைகள், தண்ணீருக்கு வழி லேசு. தானியத் தகடுகளில் இருக்கிற ஈரத்தின் அளவு, அவற்றை அமுக்கும்போது என்ன வித்தியாசம் செய்கிறது என்று இங்கிலாந்தின் நோர்விச் நகரில் மூன்று ஆய்வாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். 1995இல் அவர்களுக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்க வைத்து, பிறகு யோசிக்க வைக்கிற ஆய்வுகளுக்குக் குடுக்கிற பரிசு அது. நாங்களும் சிரித்தோம். பிறகு பார்த்தால், நாங்கள் சீ.ஆர். கொப்பியோடு இருந்து செய்வதும் அதுதானே.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். இந்தத் தகடு முதலில் நோயாளிகளுக்காகச் செய்யப்பட்டது. அமெரிக்காவின் பற்றில் கிறீக் நகரில் ஒரு சுகவாச நிலையம். அதை நடத்திய வைத்தியர் ஜோன் ஹார்வி கெலோக்கும் தம்பி வில் கீத் கெலோக்கும் 1894இல் அவித்த கோதுமையை அதிக நேரம் கிடக்க விட்டுவிட்டு, வீசாமல் உருளையில் போட்டார்கள். ஒவ்வொரு மணியும் தனித்தனித் தகடாக வந்தது. சோளத்தில் செய்தது பிறகு. தம்பிக்குச் சீனி போட்டு எல்லாருக்கும் விற்க விருப்பம், அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. 1906இல் தம்பி தனியாகக் கம்பனி தொடங்கினார். நோயாளிக்கென்று செய்ததைச் சுகமாக இருக்கிறவர்கள் தின்னத் தொடங்கிய கதை. இதை அப்போது சும்மா வாசித்துவிட்டு விட்டேன்.

இரண்டாவது கிண்ணம், ஓட்ஸ்.

முதல் வாயில் ஒன்றுமில்லை. ஈரப் பலகை மணம். ஐந்து நிமிடத்தில் கெட்டியாகி, கரண்டியைத் தூக்கினால் நூல் மாதிரி இழுபடுகிறது. ஓட்ஸில் இருக்கிற கரையும் நார்ச்சத்துத்தான் அந்த வழுவழுப்பைத் தருகிறது. எனக்கு அது தொண்டையில் வழுக்குவது பிடிக்காது. ஹற்றன்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ அதுக்குச் சீனி போட்டா அப்படித்தான் இருக்கும் புள்ள. உப்புப் போடு, மிளகு போடு" என்றாள். உப்பு, மிளகுத்தூள், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம். உண்மையச் சொன்னா, அது வேற சாப்பாடு. கஞ்சி. பத்து நிமிடத்துக்குப் பிறகு ருசி கூடிய ஒரே கிண்ணம் இதுதான். பதினொரு மணிக்கும் பசிக்காது.

மூன்றாவது, சமபோஷ.

இதை நான் கரண்டியால் கலக்கப் போனபோது மட்டக்களப்புக்காரி கையில் அடித்தாள். "என்னகா செய்றாய், கையால குழைக்கணும்." சோளம், அரிசி, சோயா, பயறு எல்லாம் முன்னமே அவிந்து மாவானது. சீனி, துருவின தேங்காய்ப்பூ, கொஞ்சம் கொஞ்சமாகச் சுடுதண்ணி. தண்ணி ஒரு கரண்டி கூடினால் கூழ், குறைந்தால் புழுதி. சரியான இடம் ஒன்று இருக்கிறது, அது கைக்குத்தான் தெரியும். உருண்டை பிடித்துக் கடித்தால் வெளியே இறுக்கம், உள்ளே பூப்போல உதிரும். இடையில் தேங்காய்ப்பூ பல்லில் நறுக்கென்று படும். தேங்காயின் எண்ணெய்த்தன்மை இல்லாவிட்டால் மா முழுக்க மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும். வறுத்த பயறு மணம் வந்ததும் எனக்கு வாய் ஊறியது. அதோடு வயிற்றில் என்னவோ செய்தது. ஏனென்று அப்போது விளங்கவில்லை.

நாலாவது கிண்ணம் வெறுமையாக இருந்தது. அதுக்கு என்ன போடலாம் என்று யோசித்தோம். மட்டக்களப்புக்காரி சொன்னாள், "திரிபோஷா போடுவம். எங்கட அக்காட புள்ளைக்கு கிளினிக்கில குடுக்கிறாங்க. அடுத்தமுறை போகக்குள்ள கொஞ்சம் கொண்டு வாறன்."

"வேண்டாம்" என்றேன். எனக்கே கேட்காத மாதிரிச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

திரிபோஷாவின் ருசியை நான் கிண்ணம் இல்லாமலே எழுதுவேன். வறுத்த சோள மணம், பால்மாவின் லேசான இனிப்பு, நாக்கில் நறநறவென்று சின்னச் சின்ன மணிகள். தண்ணி விடாமல் வாயில் போட்டால் அண்ணத்தில் அப்பிக்கொள்ளும். அதை நாக்கு நுனியால் சுரண்டிச் சுரண்டிக் கரைக்க வேண்டும். வாயில் வைச்சுக்கொண்டு சிரித்தால் புரையேறும். வெறும் மாவாகத் திருடித் தின்றவருக்குத்தான் இதெல்லாம் தெரியும்.

2013இல் எனக்குப் பதினொரு வயது. மீள்குடியேறி மூன்று வருஷம். தகரக் கூரை வீடு, அப்பாவுக்கு மேசன் வேலை இருந்தால் இருக்கும். நான், தங்கச்சி, இரண்டு வயதுத் தம்பி. தம்பியின் நிறை கிளினிக் அட்டையில் பச்சைப் பகுதிக்குக் கீழே விழுந்துவிட்டது. மிட்வைஃப் மிஸ் மாதம் இரண்டு பக்கற் திரிபோஷா தந்தா.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் ஒன்றும் இருக்காது. பக்கற் அலுமாரிக்கு மேலே பிஸ்கட் ரின்னுக்குள். கதிரை போட்டு ஏறுவேன். ஒரு கரண்டி. பிறகு இன்னொரு கரண்டி. ரின்னை மூடும்போது சத்தம் வராமல் மூடப் பழகிவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பின்னேரத்தில் அம்மாவே மூன்று உருண்டை பிடிப்பா. ஒன்று தம்பிக்கு, ஒன்று தங்கச்சிக்கு, ஒன்று எனக்கு. தனக்குப் பிடிக்கமாட்டா. கையில் ஒட்டியிருப்பதை மட்டும் நக்குவா.

அடுத்த கிளினிக்கில் நானும் நின்றேன். தம்பியின் புள்ளி மேலே ஏறவில்லை. மிஸ் கேட்டா, "பக்கற் எல்லாம் பிள்ளைக்கு மட்டும்தானே குடுக்கிறீங்கள்?" அம்மா, "ஓம் மிஸ்" என்றா. பிறகு நிலத்தைப் பார்த்தா. மிஸ் என்னை ஒருக்காப் பார்த்தா, தங்கச்சியைப் பார்த்தா. ஏசவில்லை. "வீட்டில மூண்டு பிள்ளையளோ?" என்று மட்டும் கேட்டா.

கணக்கை நான் போன ஞாயிறுதான் போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கற் 750 கிராம். மாதம் இரண்டு என்றால் 1500. ஒரு நாளைக்கு 50 கிராம். அதுதான் ஒரு பிள்ளைக்கான அளவு. மூன்றாகப் பிரித்தால் ஆளுக்குப் பதினேழு கிராம்கூட வராது. என் களவுக் கரண்டிகளைக் கழித்தால் தம்பிக்கு என்ன மிஞ்சியிருக்கும்? திரிபோஷா 1973இல் தொடங்கிய திட்டம். சக்தி, புரதம், நுண்சத்து என்ற மூன்று போசணையைக் குறிக்கிற பேர் அது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிற தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் இலவசமாக வருகிறது. அது மற்றவர்களின் வாய்க்குப் போவது எங்கட வீட்டில் மட்டும் நடந்ததில்லை, சுகாதாரத் துறை நெடுங்காலமாக அறிந்த விஷயம். நோயாளிக்கென்று செய்ததை மற்றவன் தின்ற கதை என்று மேலே சிரித்துக்கொண்டு எழுதினேனே, அதில் நானும் ஒரு ஆள்.

இதை இரண்டு பேருக்கும் சொன்னேன். மட்டக்களப்புக்காரி ஒன்றும் பேசவில்லை. ஹற்றன்காரி, "எங்க தோட்டத்துல பிள்ளைக் காம்பராவுல உருண்டை பிடிச்சுக் குடுப்பாங்க. அங்கயே திங்கணும், வீட்டுக்குக் கொண்டு போக முடியாது. அப்ப எனக்கு ஆயாம்மா மேல கோவம், தங்கச்சிக்குக் கொண்டு போக விடலன்னு" என்றாள். அவளுக்குக் குடுக்க முடியாத கவலை, எனக்கு எடுத்த கவலை.

அன்றிரவு வீட்டுக்குக் கோல் எடுத்தேன். தம்பிக்கு இப்போது மீசை அரும்புகிறது, குரல் உடைந்துவிட்டது. என்னைவிடக் கொஞ்சம் கட்டை. நிறை குறைந்ததாலா, அப்பாவும் கட்டை என்பதாலா, யாருக்குத் தெரியும். எல்லாத்தையும் சொன்னேன். ரின், கதிரை, கரண்டி.

"எனக்கு ஒண்டும் ஞாபகமில்லையே அக்கா. நீ ஏன் இப்ப அழுறாய்?"

மன்னிப்புக் கேட்டால் மன்னிக்கிறதுக்குக்கூட அவனிடம் அந்த ஞாபகம் இல்லை. அம்மா போனை வாங்கினா.

"ரின் மூடுற சத்தம் எனக்குக் கேக்கிறது தானே. நீ பசியோட பள்ளிக்கூடத்தால வந்தனீ. மூண்டு பிள்ளையள் பாத்துக்கொண்டு நிக்க, ஒரு பிள்ளைக்கு மட்டும் எப்பிடியடி தீத்திறது?"

அதுக்கு என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை. மிஸ் சொன்னதும் சரி, அம்மா செய்ததும் சரி. 50 கிராம்தான் பத்தவில்லை. 2022இல் சோளம் கிடைக்காமல் திரிபோஷா உற்பத்தியே தடைப்பட்டபோது, அந்த மார்ச்சில் 400 கிராம் பால்மா 790 ரூபா ஆனபோது, எத்தனை வீட்டில் எத்தனை அம்மாமார் எதை எத்தனையாகப் பிரித்திருப்பார்கள்?

சரி, முடிவு. முதல் வாய்க்குக் கோர்ன் ஃபிளேக்ஸ் ஒன்பது. ஆனால் பத்து நிமிடத்தில் இரண்டு. ஓட்ஸ் மூன்றில் தொடங்கி, உப்பும் மிளகும் போட்டதும் எட்டில் முடிந்தது. சமபோஷ உருண்டை ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் எட்டு. பஸ்ஸில் கொண்டு போகவும் லேசு. மொத்தப் புள்ளியில் மட்டக்களப்புத்தான் வென்றது. அவள் அதைக் கொண்டாடவில்லை. அக்காவுக்கு வட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸ் அனுப்பினாள். "அக்கா, நான் கேட்டிருந்தா மறந்திருகா. புள்ளைக்கே குடு. மூத்தவனுக்கு நான் வரக்குள்ள சமபோஷ வாங்கி வாறன்."

இதை வாசிக்கிற உங்கள் வீட்டிலும் கிளினிக் பக்கற் வாங்குகிற சின்னப் பிள்ளை ஒன்று இருக்கலாம். மூத்ததை ஏசாதேங்கோ, அம்மாவையும் ஏசாதேங்கோ. சம்பளம் எடுக்கிற ஆளாக இருந்தால் மூத்ததின் கைக்கு எட்டுகிற இடத்தில் வேறொரு பக்கற் வாங்கி வையுங்கோ. நான் இந்த மாதம் பக்கத்து வீட்டுச் சித்திக்கு இரண்டு அனுப்பியிருக்கிறேன். அவவின் கடைசிப் பிள்ளைக்கு நிறை காணாதாம், மேலே இரண்டு பெடியள்.

நாலாவது கிண்ணத்தைக் கழுவாமலே அன்ரியிடம் திருப்பிக் குடுத்தோம். அதில் ஒன்றும் போடவில்லைத்தானே.