ஊசிக்குக் குனியும் கழுத்து

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் கட்டிங் பிரிவில் என்னை முதலில் நிற்க வைத்தவை இரண்டு பட்டன்கள். தோலை விரித்து, அதன்மேல் வெட்டும் அச்சான டையை வைத்து, பிரஸ்ஸின் கையை மேலே திருப்பி, இரண்டு பட்டனையும் இரு கைகளால் ஒன்றாக அழுத்தினால்தான் அது இறங்கி அடிக்கும். ஒரு கை டையின் பக்கம் இருந்தால் பிரஸ் அசையாது. தொழிலாளியின் விரலை மனதில் வைத்து யாரோ யோசித்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்கவே மகிழ்ச்சியாக இருந்தது.

அதே கூரையின் கீழ் ஸ்டிச்சிங் லைனுக்கு வந்தால், கழுத்துக்காக அப்படி யோசித்த தடயம் இல்லை.

லைனில் பெரும்பாலும் பெண்கள். மாதனூர், பேரணாம்பட்டு, உமராபாத் பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள். கறுப்புத் தோலில் கறுப்பு நூல், ஓரத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டரில் தையல் ஓட வேண்டும். கொஞ்சம் விலகினாலும் அந்த அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், ரிஜெக்ட். தையலைப் பிரித்து மறுபடி தைத்தாலும் தோலில் விழுந்த ஓட்டை மறையாது. ஆகவே கண் ஊசியை விட்டு நகர்வதில்லை. மேசை இருந்த உயரத்திலேயே இருப்பதால் கழுத்துதான் இறங்கி வருகிறது. குள்ளமானவர்களுக்குப் பெடல் எட்டுவதில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுகிறார்கள். முதுகுச் சாய்மானம் பின்னால் சும்மா நிற்கிறது.

“சாயங்காலமானா கழுத்து அப்படியே இஸ்துக்கும்மா. வூட்டுக்குப் போய் சோறு வடிக்கக் குனிஞ்சா உயிர் போகுது” என்றார் பதினைந்து வருடமாகத் தைக்கிற ஓர் அக்கா.

இந்த வலியைத் தரும் உடல் நிலையை அளக்க முறை இருக்கிறது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் மெக்காட்டம்னி, கார்லெட் இருவரும் உருவாக்கி 1993இல் வெளியிட்ட ‘ரூலா’ மதிப்பீட்டுக்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். கழுத்து முன்னால் 20 டிகிரிக்கு மேல் சாய்ந்தாலே 3 மதிப்பெண். ஒரே நிலையில் அசையாமல் இருந்தால் இன்னொன்று கூடும். தோள், முழங்கை, மணிக்கட்டு, முதுகு எல்லாம் சேர்ந்து கடைசி மதிப்பெண் 7 ஆனால், வேலைமுறையை உடனே மாற்ற வேண்டும் என்று பொருள். அந்த லைனில் 20 டிகிரிக்குள் நின்ற கழுத்து என் கண்ணில் படவில்லை.

தையல் மேசையைத் தைப்பவர் பக்கமாக 10 டிகிரி சாய்த்து, முழங்கை மட்டத்துக்குச் சற்று மேலே உயர்த்தினால் தலை நிமிரும் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் டெல்லெமன், டுல் 2002இல் எழுதினார்கள். ஆனால் அளவு மீறி உயர்த்தினால் கை தூக்கியே நிற்கும், வலி கழுத்திலிருந்து தோளுக்கு இடம் மாறும். அப்பரைச் சுற்றித் தைக்க வசதியாகத் தூண் மேல் ஊசி வைத்த போஸ்ட் பெட் மெஷினில் இந்தச் சிக்கல் அதிகம். எல்லாருக்கும் ஒரே உயரம் என்று எழுதிக் கொடுத்துவிட முடியாது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நின்று வேலை செய்பவருக்கு இருக்கை வேண்டும் என்று 44ஆம் பிரிவில் சொன்னது. உட்கார்ந்திருப்பவரின் மேசை உயரம் அதில் இல்லை. வீட்டுத் திண்ணையில் அப்பரைக் கையால் தைத்துத் தரும் பெண்களுக்கோ மேசையே இல்லை, தொடைதான் மேசை.

எனக்கு ஆற்றாமை தந்தது வேறொன்று. மெஷின் ஸ்டாண்டின் கால்களில் உயரம் மாற்ற ஓட்டைகளும் போல்ட்டுகளும் இருக்கின்றன. மெஷினை இறக்கிய அன்று முடுக்கியது, அப்புறம் யாரும் ஸ்பானர் வைக்கவில்லை. “மேசையை ஏத்துனா பெடல் ராடையும் நீட்டணும், மேடம். பெரிய வேலை இல்ல. ஆனா லைன் நிக்கும்” என்றார் மெக்கானிக். லைன் நின்றால் டார்கெட் விழும். பட்டன் காப்பாற்றும் விரல் அடிபட்டால் ரத்தம் வரும், எல்லாரும் ஓடி வருவார்கள். கழுத்து பதினைந்து வருடமாகத் தேய்கிறது. எந்தப் பதிவேட்டிலும் அது ஏறுவதில்லை.

சாப்பாட்டு நேரத்தில், சூப்பர்வைசரின் சம்மதத்தோடு, மெக்கானிக் ஒரே ஒரு மேசையின் போல்ட்டுகளைத் தளர்த்தினார். பின்கால்களை முன்கால்களைவிட ஓர் ஓட்டை கூடுதலாக ஏற்றி, ராடை நீட்டி முடுக்கினார். சாப்பிட்டுவிட்டு வந்த அக்கா ஓர் அப்பரைத் தைத்துப் பார்த்தார். இன்னொன்று தைத்தார். பிறகு தலையைத் திருப்பாமலே சொன்னார்: “பெடலையும் கொஞ்சம் என் பக்கம் இழுத்து வைண்ணா.”

அடுத்த மெஷின்காரப் பெண்ணும் மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.