பொட்டுப்பூ

உம்மாவின் வளவில் பட்டிப்பூ மூன்று வகை நின்றது. ரோஸ், தனிவெள்ளை, நடுவில் சிவப்புப் பொட்டுள்ள வெள்ளை. முதலிரண்டும் காத்தான்குடி மணலில் தாமாக முளைப்பவை. மூன்றாவதை உம்மாவின் சிநேகிதியான ஆரையம்பதி அக்கா கொண்டுவந்து தந்தார். "நீதான் பொட்டு வெக்கிறல்ல தங்கச்சி, பூவாவது வெச்சிருக்கட்டும்" என்று சிரித்தாராம்.

மடகஸ்காரிலிருந்து உலகெங்கும் பரவிய செடி இது. 1759இல் லின்னேயஸ் பெயரிட்டார். இதன் இலையில் எடுக்கும் வின்கிறிஸ்டின் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து. கசப்பென்பதால் ஆடுமாடு வாய்வைக்காது. எங்களுக்கு அது வேலியோரத்துப் பூ, அவ்வளவுதான்.

1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு, எங்கள் ஊரின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த ஆண்டில் தமிழ் ஊர்களிலும் பிணங்கள் விழுந்தன. அதன்பின் அக்கா வரவில்லை. உம்மாவும் போகவில்லை. பொட்டுப்பூ எப்போது இல்லாமற் போனதென்று எவரும் கவனிக்கவில்லை.

2011 ஜனவரி வெள்ளம் வளவில் நாட்கணக்கில் நின்றது. பட்டிப்பூவுக்கு வெயில் பொறுக்கும், தேங்கிய நீர் பொறுக்காது. எல்லாம் வேரழுகிச் செத்தன. ரோஸ் செடிகளில் பறித்துப் போத்தலில் வைத்திருந்த கறுப்பு விதைகளைத் தூவி, மண்ணால் மூடினேன். இருட்டில்தான் அவை நன்றாக முளைக்கும்.

பூக்குமுன்பே நிறத்தை ஊகிக்கலாம். ரோஸ் செடியின் தண்டில் செம்மை படர்ந்திருக்கும், வெள்ளையின் தண்டு பச்சை. செந்தண்டுகளுக்கிடையே ஒரு பச்சைத்தண்டு நின்றது. வெள்ளையென்றே நினைத்தேன். விரிந்தபோது நடுவில் பொட்டு!

பிறகு படித்தறிந்தேன். ரோஸ் நிறம் மேலோங்கும் குணம். பொட்டுக் குணம் அதற்குள் தலைமுறைகளாக மறைந்துகிடக்கும், தாய் தந்தை இருபக்கமும் அதைச் சுமந்தால் வெளிவரும். அழிந்ததென்று நாங்கள் நினைத்தது ரோஸ் செடிகளுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

உம்மா பூவைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "அக்காட பூ" என்றார். சற்றுப் பொறுத்து, "என்னக் கூட்டிட்டுப் போ மகன்" என்றார்.

ஆரையம்பதி எங்களுக்கு அடுத்த ஊர். போய்ச்சேர எங்களுக்கு இருபத்தொரு வருடம் பிடித்தது. அக்கா இல்லை. இறந்து ஆறு வருடமாம். எங்களுக்குச் சொல்ல ஆளில்லை, நாங்கள் கேட்கவுமில்லை. வேலி நெடுகப் பொட்டுப்பூ பூத்துக் கிடந்தது.

"வேற எத வெட்டினாலும் இத மட்டும் வெட்ட விடமாட்டா அம்மா" என்றார் மகள். உம்மா வேலியைப் பிடித்தபடி நின்றார்.

புறப்படும்போது அந்தப் பிள்ளை ஒரு கடதாசியில் விதை சுற்றித் தந்தார். எங்கள் வளவிலும் இருக்கிறதென்று நான் சொல்லவில்லை. உம்மா அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.