சாட்சி சொல்லத் தெரியாதவர்கள்

மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளில் குழந்தைகள் தொடர்பானவை தனித்த துயரம் கொண்டவை. நேர்ந்ததைச் சொல்லக் குழந்தைக்கு மொழியில்லை; இழந்தது இன்னதென்று அறியும் வயதுமில்லை. அதன் சார்பில் வழக்காடும் பெற்றோருக்கோ மருத்துவம் தெரியாது.

1996இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில், 29ஆம் வாரத்தில், 1250 கிராம் எடையுடன் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் விழித்திரையில் இரத்தக்குழாய்கள் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. பின்னர் அவை தாறுமாறாகப் பெருகி, சிலருக்கு விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். மிகுதியான பிராணவாயு இந்த அபாயத்தைக் கூட்டும். பிறந்த நான்கு வாரங்களுக்குள் கண்ணைச் சோதிக்கத் தொடங்கினால், லேசர் சிகிச்சையால் பெரும்பாலும் பார்வையைக் காத்துவிடலாம். அந்தக் குழந்தைக்குச் சோதனை நடக்கவில்லை. பெற்றோரிடம் எச்சரிக்கவும் இல்லை. அவர்கள் அறிந்தபோது நாலரை மாதம் ஆகியிருந்தது. பார்வை மீளவில்லை.

தேசிய நுகர்வோர் ஆணையம் வழங்கிய 5 லட்சம் ரூபாயை, 2015இல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடியாக உயர்த்தியது. இனி ஆகும் சிகிச்சைச் செலவை, விலைவாசி ஏற்றத்தையும் சேர்த்தே நீதிபதிகள் கணக்கிட்டனர். கைக்குழந்தைக்காகத் தொடங்கிய வழக்கு முடிந்தபோது அவளுக்கு வயது பதினெட்டைக் கடந்திருந்தது.

நோயாளியை 'நுகர்வோர்' என்றழைப்பது நம்மைப் போன்றோரின் காதுக்கு உவப்பானதன்று. ஆயினும் 1995இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சொல்லுக்குள் நோயாளியைக் கொண்டுவந்த பிறகே எளியவர்களுக்கு இந்தக் கதவு திறந்தது. 1998இல் மற்றொரு குழந்தையின் வழக்கில், பெற்றோரும் நுகர்வோரே, அவர்களின் மனவேதனைக்கும் தனியே இழப்பீடு உண்டு என்று அதே நீதிமன்றம் கூறியது.

அந்த 2015 தீர்ப்பு வந்து சில ஆண்டுகள் கழித்து எங்கள் மகன் 31ஆம் வாரத்தில் பிறந்தான். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த தாளில் கண் சோதனைக்கான தேதி எழுதியிருந்தது. தவறாமல் வரவேண்டுமென்று மருத்துவர் இருமுறை சொன்னார். பச்சைப்பிள்ளையின் கண்ணில் கருவி வைப்பதா என்று வீட்டுப் பெரியவர்கள் தடுத்தார்கள். நாங்களும் தயங்கினோம், பின் போனோம். இரண்டாம் சோதனையில் மாற்றம் தெரிந்தது. அந்த வாரமே லேசர் செய்தார்கள். இன்று அவன் எழுத்துக்கூட்டிப் படிக்கிறான்.

இத்தகைய வழக்குகள் மருத்துவர்களை அச்சுறுத்துகின்றன என்போர் உண்டு. அதில் உண்மையில்லாமல் இல்லை. முடிவு தவறிப்போனதெல்லாம் கவனக்குறைவு ஆகாது என்பதையும் நீதிமன்றங்களே தெளிவாக்கியுள்ளன. ஆனால் எழும்பூர் வழக்கில் எவரும் அசாத்தியமான திறமையைக் கோரவில்லை. செய்யவேண்டிய ஒரு சோதனை, சொல்லவேண்டிய ஒரு வாக்கியம், அவ்வளவுதான். அந்தப் பெற்றோரிடம் எவரும் சொல்லாத அதே வாக்கியத்தை, நாங்கள் கேட்காமலே எங்களிடம் இருமுறை சொன்னார்கள்.